தார்லிக்குக்கு ஒரு மேற்கோள்

தார்லிக் என்ற சொல்லுக்கு மட்டும் மேற்கோள் கிடைக்கவில்லை. காலையிலிருந்து மேற்கோள் தன் கண்ணாடியைக் கழற்றுவதும் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார்.

மேற்கோள் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரல்ல. அந்த ஆங்கில அகராதி அலுவலகத்தில் அவருக்கு அதுதான் வேலை. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதினால் மட்டும் போதாது. அந்தச் சொல்லை யார், எந்தக் காலத்தில், எந்த நூலில் ஆண்டார் என்று அடியில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்காக நூலக அலமாரிகளுக்கு நடுவே குந்திக் குந்தியே அவருக்கு முழங்கால் போய்விட்டது. வீட்டுக்கு வரும் விருந்தாளி "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால்கூட, யார் சொல்லி அனுப்பியது என்று பார்க்கிற ஆசாமி.

எதிரே அகராதி விரிந்து கிடந்தது. 'தார்லிக்: விடைபெற்றுக்கொண்ட பிறகும் போகாமல் வாசற்படியில் நின்று பேசிக்கொண்டிருத்தல். பழைய வழக்கு.' அவ்வளவுதான். மேலேயும் கீழேயும் உள்ள சொற்களெல்லாம் மேற்கோளும் ஆண்டுமாகக் குடும்பத்தோடு நிற்க, இது மட்டும் நாதியற்று நின்றது.

"ஒரு வார்த்தைதானே சார், விட்டுத்தள்ளுங்க" என்றார் பிழைதிருத்தும் அம்மாள். அந்த அறையில் அவர்கள் இருவரும்தான் மிச்சம். மற்ற நாற்காலிகளில் பழைய புரூஃப் கட்டுகள் உட்கார்ந்திருந்தன.

"எப்படிம்மா விடுறது? கேஸ் நடக்குறது ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன. முதலாளி தன் ஆயுளில் பாதியைக் கரைத்துத் தொகுத்த அகராதி அது. அதைப் புதிதாக முளைத்த ஒரு பதிப்பகம் பக்கம் பக்கமாகச் சுட்டு, அட்டையை மட்டும் மாற்றிப் பாதி விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. முதலாளி கோர்ட்டுக்குப் போனார். எதிர்த்தரப்பு அசரவில்லை. "உலகத்தில் உள்ள வார்த்தைகள் எல்லோருக்கும் பொது. அவரும் தொகுத்தார், நாங்களும் தொகுத்தோம். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதில் என்ன அதிசயம்? சூரியன் கிழக்கே உதிக்கும் என்று இரண்டு பேர் எழுதினால் ஒருவர் திருடர் ஆகிவிடுவாரா?" என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அடுத்தடுத்து வாய்தா. கேஸ் தோற்றால் அலுவலகத்தை இழுத்து மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. மூடினால், அந்த வயதில், அந்த முழங்காலோடு, மேற்கோளை எவன் வேலைக்கு வைத்துக்கொள்வான்?

"ஆதாரம் இருக்கு. வக்கீலுக்குத் தெரியும்" என்று ஒருநாள் முதலாளி சொன்னார். வாயிலிருந்து ஒரு வார்த்தையை எடுப்பதற்குள் நாலு தடவை யோசிக்கிற மனிதர் அவர். என்ன ஆதாரம் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு வேண்டாம்" என்றார். அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய பழைய மேலாளர்தான் எதிர்த்தரப்புக்கு ஓடிப்போய் இந்தத் திருட்டுக்கே வழிகாட்டியவர். அன்றிலிருந்து முதலாளி தன் நிழலிடம்கூட விஷயத்தைச் சொல்வதில்லை. கடைசியில், விசாரணைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஓய்வெடுக்கப் போய்விட்டார்.

மேற்கோளுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். படிப்பை முடிக்காதவன் என்று நாலு இடத்தில் விரட்டிவிட்ட பிறகு, "புத்தகம் படிப்பீங்களா? அது போதும்" என்று நாற்காலி கொடுத்தவர். அப்பேர்ப்பட்டவரைக் கோர்ட்டில் நிறுத்தி, "இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினால்? முதலாளி திருதிருவென்று முழிப்பதை மேற்கோளால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை.

போன் போட்டார்.

"ஐயா, தார்லிக்னு ஒரு வார்த்தை..."

முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுக்கென்ன?"

"மேற்கோள் இல்லீங்கய்யா. நான் வேணும்னா தேடி..."

"அதைத் தொடாதீங்க. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

போனை வைத்துவிட்டார். மேற்கோளுக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. மனுஷன் எப்போதோ எடுத்த குறிப்பைத் தொலைத்துவிட்டார். வெளியே சொல்ல வெட்கம். அவருக்குத் தெரியாமலே தேடிப் பிடித்து, கோர்ட்டில் வைத்து நீட்டி, அந்த முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவுசெய்தார். தொடாதே என்று சொன்னதைத் தொடாமல் விட்டவர்களைப் பற்றி எவரும் கதை எழுதுவதில்லை.

முதலில் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரிடம் போனார். 'தெரியாது' என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொல்லும் தெரிந்தவர்.

"தார்லிக்கா? அழகான வார்த்தையாச்சே" என்று கண்ணை மூடிக்கொண்டார் பேராசிரியர்.

"கேள்விப்பட்டிருக்கீங்களா சார்?"

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க. பதினேழாம் நூற்றாண்டு. பிரபுக்கள் வீட்டுல விருந்து முடிஞ்சிருக்கும். கீழே சாரட்டு வண்டி காத்துக்கிட்டிருக்கும். இவங்க படியில நின்னு பேசிக்கிட்டே இருப்பாங்க. பேசி முடிக்கிறதுக்குள்ள குதிரை தூங்கிடும். அதுதான் தார்லிக்."

"எந்தப் புத்தகத்துல சார் வருது?"

"எதுல வரலைன்னு கேளுங்க."

"ஒண்ணே ஒண்ணு சொன்னீங்கன்னா..."

"எனக்கு வகுப்பு இருக்கு" என்று பேராசிரியர் எழுந்துவிட்டார்.

மேற்கோளுக்குப் பாதி நிம்மதி. சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஆனால் வாயால் சொன்னது மேற்கோள் ஆகாதே. அச்சில் வேண்டும். இந்தக் கவலையோடு அவர் வீடு திரும்பியபோது, மனைவியின் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா வந்ததும் கிளம்பியதும் மத்தியானமே நடந்து முடிந்துவிட்டது. கைப்பை தோளில், செருப்பு காலில், ஒரு கை கதவில். அந்த நிலையில் அவர் தன் வீட்டுக் குழாய்ப் பழுது, மாடிவீட்டுச் சண்டை, மகனுக்குப் பார்க்கும் வரன் என்று மூன்றாவது விஷயத்துக்கு வந்திருந்தார். உள்ளே உட்கார்ந்திருந்தபோது டீ குடித்துவிட்டுச் சும்மாதான் இருந்தாராம்.

"அக்கா, உன்னை மாதிரி ஆளுங்களுக்காகவே ஒரு வார்த்தை இருக்காம். தார்லிக்" என்று மேற்கோளின் மனைவி வாய் தவறாமல், நன்றாகத் தெரிந்தே சொன்னார். ஒரு வாரமாகக் கணவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா?"

மனைவி பொருளைச் சொன்னார். அக்கா கதவிலிருந்து கையை எடுத்தார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். இரண்டு வாரத்துக்குப் போன் இல்லை, வரவில்லை.

வீடு அமைதியாக இருந்தது. மேற்கோளுக்கு அது பிடித்துக்கூட இருந்தது. ஆனால் மனைவியின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. "உங்க வார்த்தையால என் அக்கா போச்சு" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்ட அன்று மேற்கோள் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

"அக்கா, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. தார்லிக் வசவு இல்ல. பெரிய இடத்துப் பழக்கம். பிரபுக்கள் வீட்டுப் பெண்மணிகள்தான் தார்லிக் பண்ணுவாங்க. பேராசிரியரே சொன்னார்" என்று சமாதானம் சொன்னார்.

"நிஜமாவா தம்பி?"

"சாரட்டு வண்டி நிக்கும். இவங்க பேசிக்கிட்டிருப்பாங்க."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாளே மேற்கோளின் வீட்டுக்கு வந்து, கிளம்பும்போது, "இரு, கொஞ்சம் தார்லிக் பண்ணிட்டுப் போறேன்" என்று அறிவித்துவிட்டு நின்றார். சாயங்காலத்துக்குள் அவருடைய அடுக்குமாடியில் எல்லாப் பெண்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அதுவரை குற்ற உணர்ச்சியோடு வாசலில் நின்று பேசியவர்கள் இப்போது கௌரவமாக நின்று பேசினார்கள். வீட்டுக்குள்ளே அடுப்பில் எதுவோ கருகியது.

அக்காவின் கணவர், அதாவது மேற்கோளின் சகலை, அந்த வட்டாரத்தில் ஓர் இலவச வார இதழ் நடத்திக்கொண்டிருந்தார். வீடு வாடகைக்கு, பழைய கட்டில் விற்பனைக்கு என்று விளம்பரமும், நடுவில் இடம் நிரப்ப எதுவுமாக வரும். மனைவி சொன்னதைப் போடாமல் அவரால் இருக்க முடியுமா? பேராசிரியரின் புகைப்படத்தோடு, தார்லிக்கின் வரலாறு அரைப் பக்கத்துக்கு வந்தது. பேராசிரியர் இந்தத் தடவை குதிரையின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

மேற்கோள் அதை வெட்டி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அச்சில் வந்த முதல் மேற்கோள். கேஸ் ஜெயித்த மாதிரிதான் என்று நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த வாரம் இன்னொரு கல்லூரிப் பேராசிரியரின் மறுப்பு வந்தது. 'பதினேழாம் நூற்றாண்டு என்பது சிறுபிள்ளைத்தனம். தார்லிக் பதினைந்தாம் நூற்றாண்டுத் துறைமுகச் சொல். கப்பலேறப் போகும் மாலுமி, நங்கூரம் எடுத்த பிறகும் மனைவியிடம் பேசிக்கொண்டே நிற்பது. அடிப்படை தெரியாதவர்கள் சொல்லாராய்ச்சி செய்யக் கூடாது.' அதற்கு முதல் பேராசிரியர் பதிலடி. அதற்கு இவர் பதிலடி. இருவரும் ஒருவரிடம் ஒருவர் ஆதாரம் கேட்டார்களே தவிர, ஒருவரும் கொடுக்கவில்லை. வார இதழ் முதல் தடவையாகக் காலையிலேயே தீர்ந்துபோனது.

"சகலை, இந்தச் சண்டையை நிறுத்துங்க" என்று ஓடினார் மேற்கோள்.

"என்ன சகலை விளையாடுறீங்களா? இப்பதான் ஒரு கட்டில் கம்பெனி முழுப்பக்கம் கேட்டிருக்கான்."

ஒரு சொல்லுக்கு இரண்டு சரித்திரம் இருந்தால், ஒரு சரித்திரமும் இல்லாததைவிட மோசம். எதிர்த்தரப்பு வக்கீல் பிய்த்து உதறிவிடுவார். மேற்கோள் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். பழைய வழக்கு வேண்டாம். இன்று ஜனங்களுடைய நாக்கில் இருக்கிறது என்று காட்டிவிட்டால் எந்தக் கோர்ட்டும் மறுக்க முடியாது.

அவருடைய மனைவிக்கு ஒரு மருத்துவமனை வரவேற்பில் வேலை. மருத்துவர் அறையின் வாசலில், பார்த்து முடித்த நோயாளிகள் கதவைப் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு கேட்க மறந்துட்டேன் டாக்டர்" என்று நிற்பது தினசரித் தொல்லை. மேற்கோள் தன் கையாலேயே ஓர் அட்டை எழுதிக் கொடுத்தார். 'தயவுசெய்து இங்கே தார்லிக் செய்ய வேண்டாம்.'

அட்டை வேலை செய்தது. நோயாளிகள் அது என்னவென்று கேட்டார்கள். தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஏதோ புதிதாக வந்திருக்கும் வியாதி என்று நினைத்தவர்கள் இன்னும் வேகமாக நகர்ந்தார்கள். மருத்துவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு அதேபோல ஒன்று எழுதி மாட்டினார். அவரைப் பார்த்துத் தையல்கடை, தையல்கடையைப் பார்த்து வங்கி. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு நிற்கும் தாய்மார்களுக்காகத் தலைமையாசிரியை பெயிண்டிலேயே எழுதிவிட்டார்.

மேற்கோள் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைத்தார்.

"சார், ஐயா இதைத் தொடாதீங்கன்னுதானே சொன்னார்?" என்று பிழைதிருத்தும் அம்மாள் ஒருநாள் இழுத்தார்.

"அவர் வெட்கத்துல சொன்னது அது. கோர்ட்டுல பாருங்க, மனுஷன் என்னைக் கட்டிப்பிடிச்சுக்குவார்."

ஆனால் ஜனங்களுடைய நாக்குக்குப் போன சொல் சும்மா இருக்குமா? அடுக்குமாடிக் காவலாளி, எவர் எங்கே நின்றாலும் "தார்லிக் கூடாது, நகருங்க" என்று விரட்ட ஆரம்பித்தார். பேருந்து நிறுத்தத்தில் விடைபெற மனமில்லாமல் நிற்கும் காதலர்களைப் பார்த்துக் கல்லூரிப் பையன்கள் "செம தார்லிக்" என்றார்கள். ஓடாத மோட்டார் சைக்கிளை மெக்கானிக் தார்லிக் வண்டி என்றார். அகராதியில் ஒரு பொருள், தெருவில் மூன்று பொருள். கோர்ட்டில் இது ஒன்று போதுமே, அகராதி தப்பு என்று நிரூபிக்க.

மேற்கோள் மறுபடி சகலையைப் பிடித்தார். ஒரு முழுப்பக்க அறிவிப்பு வந்தது. 'பொதுமக்கள் கவனத்துக்கு. தார்லிக் என்பது விடைபெற்ற பின் வாசற்படியில் நின்று பேசுவது மட்டுமே. மற்றபடி சும்மா நிற்பது தார்லிக் ஆகாது. வண்டி நிற்பதும் ஆகாது.' இரண்டு பேராசிரியர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்க் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். காவலாளிக்கு மேற்கோளே நேரில் போய் விளக்கினார். மெக்கானிக்கிடமும் பேசினார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகிவிட்டது. நகரத்தில் யாரைக் கேட்டாலும் அகராதியில் உள்ளபடி, முற்றுப்புள்ளியோடு ஒப்பித்தார்கள்.

விசாரணை நாள் வந்தது. முதலாளி ஊரிலிருந்து நேராகக் கோர்ட்டுக்கு வந்து இறங்கினார். வக்கீலும் அந்த ஊர்க்காரர்தான். அவருடைய காரிலேயே வந்துவிட்டார்கள். முதலாளி இளைத்திருந்தார். ஆனால் நடையில் ஒரு தெம்பு தெரிந்தது. மேற்கோளின் தோளைத் தொட்டு, "இன்னிக்கு முடிஞ்சிடும். அடுத்த மாசம் புதுப் பதிப்பு வேலையை ஆரம்பிச்சுடலாம்" என்றார். அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி மேற்கோள் கேட்டதே இல்லை.

"ஐயா, ஒரு சந்தோஷமான விஷயம்..." என்று தன் பையைத் திறக்கப் போனார்.

"அப்புறம், அப்புறம்" என்று வக்கீல் முதலாளியை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேற்கோளும் பிழைதிருத்தும் அம்மாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முந்தைய வழக்கு முடிந்து, அதன் வக்கீல்கள் இருவரும் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். போனவர்கள் வாசலிலேயே நின்று, ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, சொந்தக் கதை பேச ஆரம்பித்தார்கள். நீதிபதி பேனாவால் மேஜையைத் தட்டினார்.

"வாசல்ல என்ன தார்லிக்? கிளம்புங்க ரெண்டு பேரும்."

அறை முழுக்கச் சிரிப்பு. இரண்டு வக்கீல்களும் அசடு வழிந்துகொண்டே ஓடினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல்கூடச் சிரித்தார். மேற்கோளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நீதிபதியின் வாயால், திறந்த நீதிமன்றத்தில், சரியான பொருளில். இதற்கு மேல் ஒரு சொல்லுக்கு என்ன மேற்கோள் வேண்டும்? "எழுதிக்குங்கம்மா, தேதியோட எழுதிக்குங்க" என்று பிழைதிருத்தும் அம்மாளின் கையைப் பிடித்து உலுக்கினார்.

முன்வரிசையில் முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பி, அறையில் சிரிக்கிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மகிழ்ச்சியில் மனிதர் திக்குமுக்காடிப்போய்விட்டார் என்று மேற்கோள் நினைத்துக்கொண்டு, எல்லாம் என் வேலைதான் என்பதுபோல அவருக்குக் கையசைத்தார்.

எதிர்த்தரப்பு தன் பழைய வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தது. உலகத்தில் உள்ள வார்த்தைகள் எல்லோருக்கும் பொது.

"சரி, உங்க ஆதாரம் என்ன?" என்று நீதிபதி இந்தப் பக்கம் திரும்பினார்.

முதலாளியின் வக்கீல் எழுந்தார். முதலாளியைப் பார்த்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க."

"கனம் கோர்ட்டார் அவர்களே, எங்க அகராதியில இருக்கிற ஒரே ஒரு வார்த்தை உலகத்துல எங்கேயும் கிடையாது, எந்தக் காலத்துலயும் கிடையாது, காப்பியடிக்கிறவனைப் பிடிக்கிறதுக்காக என் கட்சிக்காரர் தானே இட்டுக்கட்டி உள்ள வச்சது, அது அவங்க புத்தகத்துலயும் இருக்கு... அந்த வார்த்தை வந்துங்க... தார்லிக்."